நூலிழையில் பிறக்கும் குமிழி

ஷாம்பெயின் ஊற்றப்போகும் கண்ணாடிக் கோப்பையைப் பட்டுத் துணியால் துடைப்பது நல்லதா, பருத்தித் துணியால் துடைப்பது நல்லதா? ஆரணியில் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். இங்கே பட்டு விற்பதற்கு, துடைப்பதற்கு அல்ல. தறி போட்டிருக்கும் வீட்டிலும் கை துடைக்கக் கிடைப்பது பழைய வேட்டிக் கிழிசல்தான். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. கோப்பைக்குள் குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் பிரெஞ்சு இயற்பியலாளர் ழெரார் லிழே-பெலேர் கண்டடைந்த பதிலை நம் ஊர் ஜவுளிக்கடைக்காரரே சொல்லிவிடுவார்: எல்லாம் இழையைப் பொறுத்தது.

இழைக்குப் போகுமுன் கோலி சோடாவைப் பார்த்துவிடலாம். ஷாம்பெயின் குடித்தவர்கள் நம் பக்கம் குறைவு. கோலி சோடா குடிக்காதவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே கரியமில வாயு.

கோலி சோடாப் புட்டியை வடிவமைத்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். காப்புரிமை வாங்கியது 1872-ல். கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம், அதற்குக் கீழே உருளும் ஒரு கண்ணாடிக் கோலி. புட்டியைத் தலைகீழாக வைத்து, இயந்திரத்தில் வாயு ஏற்றிச் சுழற்றுவார்கள். கோலி வாய்ப்பக்கம் வந்து விழும். உள்ளே அடைபட்ட வாயு அதை ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடி வேண்டாம், தக்கை வேண்டாம். வெளியே போகத் துடிக்கிற வாயுவே கதவைச் சாத்திவிடுகிறது. ஷாம்பெயின் புட்டி இதற்கு நேர்மாறு. அங்கே வாயு தக்கையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத் தக்கையின் தலையில் ஒரு தகடு, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கம்பிக் கூடு. 1844-ல் அடால்ஃப் ழாக்சோன் என்ற ஷாம்பெயின் வணிகர் இந்த ஏற்பாட்டுக்கு வழிகாட்டும்வரை தக்கையைச் சணல் கயிற்றால்தான் கட்டிவைத்தார்கள்.

சோடாக்கடைக்காரர் கோலியை உள்ளே அழுத்தும்போது புட்டியின் கழுத்தில் கண் வைத்துப் பாருங்கள். சத்தத்தோடு ஒரு வெள்ளைப் புகை எழுந்து, எழுந்த வேகத்திலேயே மறையும். அது புகை அல்ல, பனி. அழுத்தத்தில் இருந்த வாயு திடீரென்று விரியும்போது சுற்றிலுமிருந்து வெப்பம் வாங்க அதற்கு நேரமில்லை. தன் வெப்பத்தையே செலவழித்து விரிகிறது. அதனால் நொடியில் கடுங்குளிராகிறது, அருகில் உள்ள நீராவி துளித்துளியாக உறைகிறது. ஷாம்பெயினில் இது இன்னும் தீவிரம். குளிர்ந்த நிலவறையில் புட்டிக்குள் அழுத்தம் சுமார் 6 பார், அதாவது வெளிக்காற்றைப்போல் ஆறு மடங்கு. 20 டிகிரியில் அது ஏழரை பாராகவும் 30 டிகிரியில் 10 பாராகவும் ஏறும். 20 டிகிரியில் இருக்கும் புட்டியைத் திறந்தால் விரியும் வாயு மைனஸ் 90 டிகிரிக்கு அருகே இறங்குகிறது. அந்தக் குளிரில் நீராவி மட்டுமல்ல, கரியமில வாயுவே நுண்ணிய படிகங்களாக உறைந்துவிடும். அவை மிகச் சிறியவை என்பதால் ஒளியைச் சிதறடித்து நீலமாகத் தெரியும். 2017-ல் லிழே-பெலேர் குழு அதிவேகக் கேமராவில் இந்த நீலப் படலத்தைப் பதிவுசெய்தது. நன்றாகக் குளிர்வித்த புட்டியில் நீலம் வராது, வெள்ளைப் பனிதான். ஆகவே, திறக்கும்போது நீலம் கண்ணில் பட்டால் புட்டி போதிய அளவு குளிரவில்லை என்று பொருள்.

வாயு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இரண்டு புட்டிகளும் பிரிகின்றன. சோடாவுக்கு சிலிண்டர், ஷாம்பெயினுக்கு ஈஸ்ட். கள் நாக்கில் சுருக்கென்று குத்துவதற்கும் ஈஸ்ட்தான் காரணம்: அது பாளையில் வடியும் சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. கள் கலயம் திறந்திருப்பதால் வாயு போய்விடுகிறது. ஷாம்பெயின் மாநிலத்தார் இதே வேலையை மூடிய புட்டிக்குள் நடத்தக் கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை நொதித்து அடங்கிய ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துவிடுவார்கள். நாலு கிராம் சர்க்கரைக்கு ஒரு பார் என்பது கணக்கு. 24 கிராமுக்கு 6 பார். முக்கால் லிட்டர் ஒயினுக்குள் 9 கிராம் வாயு கரைந்து கிடக்கும். வெளியே விட்டால் அது ஏறக்குறைய 5 லிட்டர் இடத்தைப் பிடிக்கும்.

இந்த வித்தை ஒரே ஆளின் மூளையில் உதித்ததல்ல. பாதிரியார் தோம் பெரிஞ்ஞோன் கண்டுபிடித்தார் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைப்பது பற்றி 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் கட்டுரை படித்துவிட்டார். பிரான்சில் ஷாம்பெயினைப் புட்டியில் அடைத்து வெளியூர் அனுப்ப அரசர் பதினைந்தாம் லூயி அனுமதி கொடுத்தது 1728-ல்தான். அதுவரை பீப்பாயில்தான் போனது, பீப்பாயில் நுரை தங்காது. 1751 டிசம்பரில் நம் ஆரணியில் ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படையோடு மோதிய அணியில் பிரெஞ்சுச் சிப்பாய்களும் இருந்தார்கள். அன்று அவர்கள் நாட்டிலேயே புட்டி ஷாம்பெயின் வணிகத்துக்கு 23 வயதுதான்.

புட்டிக்குள் வேலை முடித்த ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. அதை உடனே எடுத்துவிடாமல் விடுவதில்தான் ருசி இருக்கிறது. செத்த செல்கள் தம் சொந்த நொதிகளாலேயே மெல்லச் சிதைந்து புரதங்களையும் அமினோ அமிலங்களையும் ஒயினுக்குள் விடும். ரொட்டி, வறுத்த கொட்டை போன்ற வாசனை அங்கிருந்து வருகிறது. பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து செய்யும் சாதாரண ஷாம்பெயின் குறைந்தது 15 மாதமும், ஒரே ஆண்டின் அறுவடையில் செய்த விண்டேஜ் ஷாம்பெயின் குறைந்தது 3 ஆண்டும் புட்டியில் முதிர வேண்டும் என்பது அங்கே சட்டம். பிறகு வண்டலை வெளியேற்ற வேண்டும். 27 வயதில் கணவரை இழந்து வணிகத்தைக் கையில் எடுத்த பார்ப்-நிக்கோல் க்ளிக்கோவின் நிலவறையில் 1810-களில் அதற்கு வழி பிறந்தது. புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்துச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்குவார்கள். இப்போது கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறக்கிறார்கள்; வண்டல் பனிக்கட்டியாக வெளியே பாயும். குறைந்த இடத்தைக் கொஞ்சம் இனிப்பு கலந்த ஒயினால் நிரப்புவார்கள். லேபிளில் ‘ப்ரூட்’ என்று இருந்தால் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவு.

இந்தியாவில் இந்த முறை 1980-களில் வந்தது. மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் ஷாம் சௌகுலே தொடங்கிய நிறுவனம், பிரான்சின் பைப்பர்-ஹைட்சிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு குமிழி ஒயின் செய்து ‘உமர் கய்யாம்’ என்ற பெயரில் வெளிநாட்டுக்கே விற்றது. பின்னால் நாசிக் பக்கம் சூலாவும், 2013-ல் ஷாந்தோனும் இந்த வேலையில் இறங்கின. இந்த ஒயின்களை ஷாம்பெயின் என்று சொல்லக்கூடாது; அந்தப் பெயர் அந்த மாநிலத்து மண்ணுக்கு மட்டும் சொந்தம். ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதால் இதை நமக்கு விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2023-ல் அதே குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பெரும்பாலும் தின்பதற்கும் சாறு பிழியவும் போகிறது. குமிழி ஒயினுக்குப் புளிப்பு தூக்கலாகவும் இனிப்பு மட்டாகவும் உள்ள பழம் வேண்டும். நாசிக்கில்கூட அதற்கான பழத்தை மற்றவற்றுக்கு முன்பே, காய்ப்பதம் முழுதாக மாறுவதற்குள் பறித்துவிடுகிறார்கள்.

இனி இழை.

கோப்பையில் ஊற்றியதும் எழும் ஆரவாரம் அடங்கட்டும். பிறகு உற்றுப் பாருங்கள். குமிழிகள் நினைத்த இடத்தில் கிளம்புவதில்லை. சில புள்ளிகளிலிருந்து மட்டும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே கோடாக, பாவு இழுத்துக் கட்டியதுபோல மேலே ஏறுகின்றன. கீழே நெருக்கமாகவும் மேலே இடைவெளி விட்டும் இருக்கும். ஏறும்போதே குமிழி வாயுவை வாங்கிப் பருக்கிறது, பருத்ததால் வேகம் கூடுகிறது. தலைமுடியைவிட மெல்லியதாகக் கிளம்புவது, ஒரு சாண் உயரம்கூட ஏறுவதற்குள் மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

கிளம்பும் புள்ளிகள் கண்ணாடியில் உள்ள கீறல்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் லிழே-பெலேர் உருப்பெருக்கி பொருத்திய அதிவேகக் கேமராவை அந்தப் புள்ளிகள் பக்கம் திருப்பினார். பெரும்பாலான இடங்களில் கீறலைக் காணோம். அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது செல்லுலோஸ் இழைத் துணுக்கு. துடைத்த துணியிலிருந்து உதிர்ந்திருக்கலாம், காற்றில் மிதந்துவந்து விழுந்திருக்கலாம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

குமிழி பிறக்க இழை எதற்கு? நீர்மத்தின் பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கும். குமிழி சிறுத்துக்கொண்டே போனால் அந்தப் பிடி இறுகிக்கொண்டே போகும், உள்ளே இருக்கும் வாயு நசுங்கி மறுபடி ஒயினுக்குள் கரைந்துவிடும். ஷாம்பெயினில் ஆரம் 0.2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த குமிழி எதுவும் பிழைப்பதில்லை. வாயு மூலக்கூறுகள் ஒன்றுமில்லாத இடத்தில் தாமாகக் கூடி அந்த அளவை எட்டவும் முடியாது. ஆகவே அதைவிடப் பெரிய வாயுப் பை ஒன்று முன்கூட்டியே எங்காவது ஒளிந்திருக்க வேண்டும்.

பருத்தி இழை அதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அது விதைத் தோலில் முளைத்து நீளும் ஒற்றைச் செல். பச்சையாக இருக்கும்போது சாறு நிறைந்த குழல். காய் வெடித்துக் காய்ந்ததும் சாறு வற்றி, குழல் நசுங்கி, இழை தானாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவும் நூலாக நூற்கவும் உதவுகிறது. ஆனால் நசுங்கிய குழல் முழுதாக அடைபடுவதில்லை; நடுவே சில மைக்ரோமீட்டர் அகலத்துக்கு ஒரு பொந்து மிஞ்சும். ஒயினை ஊற்றும்போது பொந்துக்குள் இருந்த காற்றுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. சுற்றியுள்ள ஒயினிலிருந்து கரியமில வாயு அதற்குள் கசிந்து ஏறும். பை நீண்டு நீண்டு இழையின் முனைக்கு வரும். முனையில் ஒரு குமிழி பிய்த்துக்கொண்டு போகும், மிச்சம் உள்ளேயே தங்கும், மறுபடி நிரம்பும். நன்றாக அமைந்த ஓர் இழை நொடிக்கு 30 குமிழி வரை விடுகிறது.

பட்டு இழை வேறு சாதி. புழு தன் வாயிலிருந்து இரட்டையாக நூற்கும் ஃபைப்ராயின் இழைகள், அவற்றை ஒட்டிப் பிடிக்கும் செரிசின் என்ற பசை. சாயம் போடுமுன் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைப்பது அந்தப் பசையை எடுக்கத்தான். எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதோடு போய்விடும். மிஞ்சும் இழை உள்ளே குழலில்லாத கெட்டி இழை. குறுக்கே வெட்டினால் முக்கோணம். பட்டு மினுங்குவது அந்த முகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால். குழல் இல்லாததால் தனிப் பட்டிழைக்குக் காற்றை ஒளித்துவைக்க இடமில்லை. முறுக்கேற்றிய பட்டு நூலில் இழைகளுக்கிடையே காற்று சிக்கும், அது வேறு கதை. துடைப்பதற்குப் பருத்தியே சரி. நூலைக் கொளுத்தி, முடி கருகும் வாடை வந்தால் பட்டு, காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். நூலைக் கொளுத்தாமல் ஒரு தம்ளர் சோடாவில் வேட்டி நூல் துணுக்கைப் போட்டுப் பார்ப்பதும் சுவாரஸ்யமான வேலைதான். துணுக்கு முழுக்கக் குமிழி மொய்த்து, கொஞ்ச நேரத்தில் நூலையே மேலே தூக்கிவிடும்.

இழையே இல்லாத, தூசு துளியும் இல்லாத கோப்பையில் ஊற்றினால்? ஒயின் தண்ணீர்போல அசையாமல் நிற்கும். பார்ப்பவர்கள் வாயு போய்விட்டது என்பார்கள். வாயில் வைத்தால் அதே சுருக். சாதாரணக் கோப்பையிலும்கூட வெளியேறும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்குதான் குமிழியாகப் போகிறது. மீதி மேற்பரப்பு வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒயின் தருவது வாயுவை. குமிழியைத் தருவது கோப்பையும் துணியும் ஊற்றுகிறவர் கையும். நல்ல ஒயினை அறியக் குமிழியை மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாக்கில் குத்துவதும் குமிழி வெடிப்பதால் அல்ல. 2009-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, புளிப்பை உணரும் செல்களின் மேலே ஒட்டியிருக்கும் ஒரு நொதி கரியமில வாயுவை அமிலமாக மாற்றுகிறது, நாக்கு அறிவது அந்த அமிலத்தை என்று காட்டியது. மிளகாய் எரிச்சலை உணரும் வகையைச் சேர்ந்த நரம்புகளும் கூடவே தூண்டப்படுகின்றன. மலையேறுபவர்கள் உயரத்தில் வரும் நோவுக்கு விழுங்கும் அசிட்டசோலமைட் மாத்திரை இதே நொதியைத் தடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு பியர் குடித்தவர்கள் பியர் செத்துவிட்டது என்று புலம்பியது மருத்துவ உலகில் பழைய செய்தி. குமிழியே தோன்ற முடியாதபடி அழுத்த அறைக்குள் உட்காரவைத்துச் சோடா கொடுத்தபோதும் சுருக் குறையவில்லை.

பிறகு குமிழி எதற்கு? மூக்குக்கு. மேற்பரப்பை அடைந்த குமிழியின் மெல்லிய தொப்பி கிழிந்ததும் அதன் பள்ளத்திலிருந்து ஒரு நுண்தாரை எழும்பித் துளிகளாக உடைகிறது. கோப்பைக்கு மேல் கையை நீட்டினால் தூறல்போல் படும். ஏறி வரும் வழியில் குமிழி தன் தோலில் வாசனை மூலக்கூறுகளை ஒட்டிக்கொண்டு வருகிறது; ஆகவே அந்தத் தூறலில் வாசனைப் பொருள் கோப்பையில் உள்ள ஒயினைவிடச் செறிவாக இருக்கிறது. இதையும் ரெய்ம்ஸ் குழு 2009-ல் அளந்து சொன்னது. சோடாவில் நுரை நிற்காமல் ஷாம்பெயினில் ஓரமாக ஒரு வளையம் நிற்பதற்குக் காரணம், ஈஸ்டிடமிருந்தும் பழத்திலிருந்தும் வந்த புரதங்கள் குமிழியின் தோலைத் தாங்கிப் பிடிப்பது.

விண்டேஜ் புட்டியில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். வானிலை நன்றாக அமைந்த ஆண்டில் மட்டும், அந்த ஆண்டின் பழத்தை மட்டும் கொண்டு செய்வது அது. 1996, 2002, 2008 எல்லாம் பேர்போன ஆண்டுகள். தக்கை வாயுவை முழுமையாக அடைக்காது, ஆண்டுக்காண்டு கொஞ்சம் கசியும். 2023-ல் லிழே-பெலேர் குழு பழைய புட்டிகளை அளந்து, முக்கால் லிட்டர் புட்டி ஏறக்குறைய 40 ஆண்டுகளும், ஒன்றரை லிட்டர் புட்டி 82 ஆண்டுகளும் குமிழி விடும் தெம்போடு இருக்கும் என்று கணக்கிட்டது. தக்கையின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், பின்னால் இருக்கும் ஒயின் இரட்டிப்பு என்பதால் இந்த வித்தியாசம். வாயு குறைந்தால் குமிழி பருக்க வழியில்லை, சிறிதாகவே இருக்கும். குமிழி பொடியாக இருந்தால் உசத்தி ஒயின் என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பொடிக் குமிழி வயதின் அடையாளம். தரத்துக்கு அது சாட்சி அல்ல.

வயதின் உச்சத்தை 2010-ல் பால்டிக் கடலில் பார்த்தார்கள். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலில் 168 ஷாம்பெயின் புட்டிகள், க்ளிக்கோ அம்மையாரின் நிறுவனத்தினுடையவை உட்பட. ஏறக்குறைய 170 ஆண்டுகள் இருட்டிலும் குளிரிலும் கிடந்தவை. சோதித்தபோது சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 150 கிராம் இருந்தது, இன்றைய ப்ரூட்டில் அனுமதிக்கப்படுவதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் காலத்து ரசனை அப்படி.

ஆரணியில் கடலடிக் குளிருக்கு எங்கே போவது? நம் வீடுகளுக்கு இப்படிப்பட்ட புட்டி வருவது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளையோ மருமகனோ விமான நிலையத்தில் வாங்கி வருவதால்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். வந்ததும் அது இரும்பு பீரோவுக்குள் போகும், யாருடைய கல்யாணத்துக்காவது எடுக்கலாம் என்று. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இரும்பு பீரோ அடுப்புக்குச் சமம். உள்ளே அழுத்தம் 10 பாரைத் தாண்டியிருக்கும். புட்டி அதைத் தாங்கும், ஒயின் தாங்காது. பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய வேதிவினை ஒரு கோடையில் நடந்து முடிந்து, வேகவைத்த ஆப்பிள் வாடை அடிக்கும். வெளியே எடுத்து அலங்காரமாக ஷோகேஸில் வைப்பதும் ஆபத்து. ஒளி, டியூப் லைட் வெளிச்சம் உட்பட, ஒயினில் உள்ள ரிபோஃப்ளேவினைத் தூண்டிக் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும். வெந்த கோஸ் நாற்றம் வரும். பச்சைக் கண்ணாடிப் புட்டி அதற்கு எதிராகப் பாதிக் காப்பு. தெளிந்த கண்ணாடியில் வரும் ‘கிரிஸ்டல்’ ஷாம்பெயினுக்கு மஞ்சள் தாள் சுற்றிவருவது வெறும் பகட்டு அல்ல. வாங்கி வந்ததைச் சீக்கிரம் திறந்துவிடுவதே புத்திசாலித்தனம். அதுவரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், துணி சுற்றி வைக்கலாம்.

திறக்கும் நாளில் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், குளிர் புட்டிக்கு ஏறாது. தண்ணீர் சேர்ந்தால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். இளம் ஒயினுக்கு 8 டிகிரி, வயதான விண்டேஜுக்கு 10 முதல் 12. அதைவிடக் குளிர்ந்தால் வாசனை எழாது. மூன்றாண்டு வண்டலோடு காத்திருந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். கம்பிக் கூட்டின் கொக்கியை ஆறு அரைச்சுற்று திருப்பினால் அவிழும், ஆனால் அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கையை விடக்கூடாது. தக்கை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். புட்டியைச் சாய்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருப்ப வேண்டும். சினிமாவில் வருவதுபோல் குலுக்கித் தெளிப்பது கார்ப் பந்தயக்காரர்களுக்கு. பாதி வாயு தரைக்குப் போய்விடும்.

ஊற்றும்போது டீ ஆற்றும் பழக்கம் இங்கே உதவாது. உயரத்திலிருந்து நட்ட நடுவில் விழுந்தால் கலங்கி வாயு ஓடிவிடும். கோப்பையைச் சாய்த்து, பக்கவாட்டில் வழியவிட்டு ஊற்றினால் கணிசமாக அதிக வாயு தங்குகிறது என்று 2010-ல் அளந்து பார்த்தே சொன்னார்கள். பியருக்கு ஊற்றுவது மாதிரிதான். பழைய படங்களில் வரும் அகன்ற தட்டுக் கோப்பையில் பரப்பு அதிகம், வாயு தங்காது. ஒல்லிக் கோப்பையில் வாயு வாயருகே தேங்கி மூக்கைக் குத்தும். வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய கோப்பைதான் விண்டேஜுக்கு ஏற்றது. அது வீட்டில் இல்லையென்றால் சாதாரண ஒயின் கோப்பையே போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒட்டியிருந்தால் நுரை உடனே செத்துவிடும். வெந்நீரில் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, சோப்பு வாடையில்லாத பழைய வேட்டித் துண்டால் ஒருமுறை துடைத்தால் இழைக்கும் வழி பிறந்துவிடும்.

கூடச் சாப்பிட பிரியாணி வேண்டாம் என்பேன், எவ்வளவு நல்ல பிரியாணியானாலும். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை உணரும் ஏற்பியைக் கூடுதலாகக் கூர்மையாக்கும், கரியமில வாயு தன் பங்குக்குக் குத்தும்; இரண்டும் சேர்ந்தால் ஒயினின் ருசி நாக்குக்கே எட்டாது. காரமில்லாத, உப்பும் எண்ணெயும் உள்ளது பொருந்தும்: தேன்குழல், தட்டை, வறுத்த முந்திரி. புளிப்பும் வாயுவும் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும். புட்டியில் மிச்சம் இருந்தால் வாயில் வெள்ளி ஸ்பூன் தொங்கவிட்டால் வாயு போகாது என்பார்கள். ஸ்பூன் எதையும் தடுக்காது. ஷாம்பெயின் புட்டிக்கென்றே பிடிப்போடு விற்கும் ரப்பர் மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். குளிர்ந்த ஒயின் வாயுவை எளிதில் விடாது.